பாணரின் கால் ஏன் தரையில் படவில்லை?

கார்த்திகை மாதத்து ரோகிணி நெருங்கினால் ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிடும். குடுமி, பூணூல், திருமண் சகிதமாக ஒரு முனிவர். அவர் தோள்மேல் கைகூப்பி உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர், பக்கத்தில் யாழ். பின்னால் காவிரி. சில படங்களில் ஸ்ரீரங்கத்து ராஜகோபுரமும் தெரியும். அந்தக் கோபுரம் 236 அடிக்கு எழுந்து முடிந்தது 1987இல்தான் என்பதெல்லாம் படம் போட்டவருக்குக் கவலையில்லை. கீழே, இந்து மதத்தில் சாதி எங்கே இருக்கிறது காட்டு பார்ப்போம் என்கிற தொனியில் இரண்டு வரி.

சென்ற ஆண்டு அதை எனக்கு அனுப்பியது சங்கி யாருமில்லை. நம்மோடு மாலைப் பள்ளியில் பாடம் எடுக்கும் தம்பி; கல்லூரியில் சமூகவியல் இரண்டாமாண்டு. "அக்கா, ஆயிரம் வருசத்துக்கு முன்னாடியே நம்மாளை ஒரு ஐயரு தோள்ல தூக்கிட்டுப் போயிருக்காரு. இது நமக்குப் பெருமைதானே?" என்று குரல் பதிவும் போட்டிருந்தான். ஒரு இதயக்குறியோடு விட்டுவிடக்கூடிய கேள்வி இல்லை அது. அவனுக்குச் சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் கதை. திருப்பாணாழ்வார் உறையூர்க்காரர். பாணர் குலம். சங்க காலத்தில் அரசர்களோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்ட பாணர்கள், ஆழ்வார்களின் வரலாறு எழுதப்பட்ட காலத்தில் தீண்டப்படாதவர்களாக ஆக்கப்பட்டிருந்தார்கள். எனவே அவர் அரங்கத்துக்குள் கால் வைக்கவில்லை. காவிரியின் தென்கரையில் நின்றே பாடினார். பெருமாளின் அபிஷேகத்துக்குத் தண்ணீர் எடுக்க வந்த லோகசாரங்க முனிவர், வழியில் நின்ற பாணரை விலகச் சொன்னார். பாட்டில் மூழ்கியிருந்தவருக்குக் காதில் விழவில்லை. முனிவர் கல்லை எடுத்து எறிந்தார். பாணரின் நெற்றியில் பட்டது. கோயிலுக்குத் திரும்பிப் பார்த்தால் அரங்கனின் நெற்றியில் ரத்தம். அன்றிரவு பெருமாள் கனவில் வந்து, அவரைத் தோளில் சுமந்து வா என்றார். பாணர் மறுத்தும் கேளாமல் முனிவர் சுமந்து போனார். உள்ளே போன பாணர் பத்துப் பாசுரம் பாடினார். பாடி முடித்ததும் அரங்கனின் உடலுக்குள் கலந்து மறைந்தார். முனிவரை வாகனமாகக் கொண்டவர் என்பதால் முனிவாகனர் என்று பெயர் வந்தது. வேதாந்த தேசிகர் இந்தப் பத்துப் பாசுரத்துக்கு எழுதிய உரைக்கு 'முனிவாகன போகம்' என்றே பெயர்.

பெருமைப்படுவதற்கு முன்னால் இந்தக் கதையில் உடம்புக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். கல் பட்டது பாணரின் நெற்றியில். ஆனால் அது குற்றமாகத் தெரிந்தது அரங்கனின் நெற்றியில் ரத்தம் வந்த பிறகுதான். பாணரின் ரத்தம் தனியாக எந்தக் கணக்கிலும் வரவில்லை. சாமியின் முகத்தில் வழிந்திருக்காவிட்டால் அது ஒரு சாதாரண வியாழக்கிழமை. கல் எறிந்தவருக்குத் தண்டனையும் கிடையாது. கிடைத்தது புண்ணியம், அடியாரைச் சுமக்கும் பாக்கியம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல்தானே வந்தது என்று சிரிக்கலாம். ஆனால் நம் பகுதியில் எஃப்.ஐ.ஆர். போட ஸ்டேஷன் வாசலில் நின்றவர்களுக்குத் தெரியும்: அடிபட்டவனின் காயம் வேறொரு பெரிய இடத்தில் வலித்தால்தான் இன்றும் அது காயம்.

அடுத்தது தோள். பாணர் ஏன் சுமக்கப்பட்டார்? அவர் நொண்டி இல்லை. காவிரியைக் கடக்கத் தெரியாதவரும் இல்லை. அவருடைய கால் அரங்கத்து மண்ணில் படக்கூடாது என்ற விதி ஒன்று இருந்தது. பெருமாள் நினைத்திருந்தால், கனவில் வந்து அந்த விதியை ரத்து செய்திருக்கலாம். 'அவன் நடந்து வரட்டும், நீங்கள் விலகுங்கள்' என்று ஒரு வார்த்தை போதும். கதை அப்படிச் சொல்லவில்லை. விதியையும் காப்பாற்றி, பக்தனையும் உள்ளே கொண்டுவர ஒரே வழி அவனைத் தரையில் படாமல் தூக்கிப்போவது. நீங்கள் மரியாதை என்று பார்க்கும் தோள், பாணரின் காலுக்கும் ஸ்ரீரங்கத்து மண்ணுக்கும் நடுவே வைக்கப்பட்ட தடுப்பு. தூக்கப்பட்டவருக்கு அன்று மட்டும் விலக்கு. அடுத்த நாள் உறையூரிலிருந்து வேறொரு பாணர் வந்திருந்தால் அவருக்கு மறுபடியும் கல்தான்.

கடைசியில் மறைதல். உள்ளே போன உடம்பு வெளியே வரவில்லை. கலந்துவிட்டார் என்பது பக்தியின் மொழி. அதை அவர்கள் வைத்துக்கொள்ளட்டும். நான் கேட்பது வேறு. அவர் நடந்து வெளியே வந்து, சித்திரை வீதியில் ஒரு திண்ணையில் உட்கார்ந்து, ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்தக் கேள்வி எழாமல் இருக்கத்தான் கதை அங்கேயே முடிகிறது.

உடம்பு போனது மட்டுமா, பிறப்பும் போனது. அவர் பாணர் வயிற்றில் பிறக்கவில்லை, நெல் வயலில் கண்டெடுக்கப்பட்டு, பிள்ளையில்லாத பாணர் தம்பதியால் வளர்க்கப்பட்டார் என்று ஆழ்வார் வரலாறு சொல்கிறவர்கள் இன்றும் சொல்கிறார்கள். அயோனிஜர். தாயின் யோனியில் பிறவாதவர். நம் குலத்தில் ஒரு ஞானி வந்துவிட்டால் முதல் வேலை அவனை நம் அம்மாவிடமிருந்து பிரிப்பது.

பாணர் ஒருவருக்கு மட்டும் நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். தில்லைக்குப் போன நந்தனார் தீயில் இறங்கினார். சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் எழுதிய பெரியபுராணத்தில் அவர் தீயிலிருந்து வெளியே வரும்போது மார்பில் வெண்ணூல், தலையில் சடைமுடி, முனிவர் வேடம். உள்ளே போனவன் புலையன், வெளியே வந்தவன் பார்ப்பன முனிவன். அதன் பிறகு அவரும் நடராசர் முன்னால் மறைந்துவிட்டார். அதற்கு முன்பு திருப்புன்கூரில் நந்தி விலகியது. திருக்குறுங்குடியில் நம்பாடுவானுக்காகக் கொடிமரம் விலகியது. கர்நாடகத்தில் உடுப்பியில் கனகதாசருக்காகக் கிருஷ்ணனே மேற்குப் பக்கம் திரும்பி, சுவரின் துளை வழியாகக் காட்சி கொடுத்தான். கல்லெல்லாம் விலகுகிறது, மரம் விலகுகிறது, சாமியே திரும்புகிறது. வாசலை மறித்து நிற்கும் ஆள் மட்டும் எந்தக் கதையிலும் விலகுவதில்லை.

நம்பாடுவான் கதை ஸ்ரீரங்கத்தில் ஒவ்வொரு ஆண்டும் கைசிக ஏகாதசி இரவில் வாசிக்கப்படுகிறது. அவரும் பாணர்தான். அவருடைய சதையைத் தின்ன வந்த பிரம்மராட்சசனிடம், பாடிவிட்டு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்து, வாக்குத் தவறாமல் திரும்பி வந்து, தன் பாட்டின் பலனால் அவனுக்கே விடுதலை கொடுத்தவர். யாகத்தில் பிழை செய்து ராட்சசனான ஒரு பார்ப்பனன், பிழைப்பதற்குப் பாணனின் பாட்டைக் கெஞ்சிக் கேட்கும் கதை. எனக்குப் பிடித்த கதையும்கூட. அதை வாசித்த பட்டருக்குக் கிடைக்கும் மரியாதைக்கு பிரம்மரதம் என்று பெயர். அவரைப் பல்லக்கில் உட்காரவைத்து மனிதர்கள் தோளில் சுமந்து போவது. இதற்கு எதிர்ப்பு எழுந்து, வழக்காகி, செய்தித்தாள்களில் வந்தது. 2022 மே மாதம் தருமபுரம் ஆதீனத்தின் பட்டினப் பிரவேசத்துக்கு முதலில் தடை, பிறகு அனுமதி என்று அரசு தடுமாறியதும் நினைவிருக்கும். பாணன் பாடினான், பாணன் உடம்பைப் பணயம் வைத்தான். தோளில் ஏறியது வேறொருவர்.

'இந்த மதத்துக்கு உடம்பே பிடிக்காது, ஆன்மா மட்டும்தான்' என்று நம் மேடைகளில் சிலர் பேசுவதுண்டு. நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஸ்ரீரங்கத்துக்குள் ஒருமுறை சுற்றி வந்தால் போதும். இவ்வளவு உடம்பை நேசித்த இடம் தமிழ்நாட்டில் குறைவு. கருவறையில் பள்ளிகொண்டிருப்பது சுதையால் செய்த பேருடல். ஆனி மாதத்து அபிஷேகத்தை ஒட்டி அதற்குத் தைலக்காப்பு சாத்துகிறார்கள். சேஷராயர் மண்டபத்துத் தூண்களில் முன்னங்கால் தூக்கிய குதிரைகளும் அவற்றின் மேல் வீரர்களும். விலா எலும்பு வரை எண்ணி எண்ணிச் செதுக்கியிருக்கிறார்கள். வேணுகோபாலன் சன்னதிச் சுவரில் வீணையோடும் கிளியோடும் கண்ணாடியோடும் நிற்கும் பெண்களின் இடுப்பு வளைவைப் பார்த்து இன்றும் ஓவியக் கல்லூரிப் பிள்ளைகள் படம் எழுதுகிறார்கள். திருச்சி மலைக்கோட்டையில் மகேந்திரவர்மன் 7ஆம் நூற்றாண்டில் குடைவித்த குடைவரையில் கங்காதரர் நிற்கிறார். அங்கேயே உள்ள கல்வெட்டை வைத்து, அந்தச் சிவனுடைய உருவில் அரசனின் சாயலும் இருக்கிறது என்று வாசிக்கும் அறிஞர்கள் உண்டு. அரசனின் உடம்பு கடவுளின் உடம்பாகவே நிற்க முடிந்திருக்கிறது.

இராமானுசரைப் பாருங்கள். ஸ்ரீபெரும்புதூரில் தானுகந்த திருமேனி, மேல்கோட்டையில் தமருகந்த திருமேனி, ஸ்ரீரங்கத்தில் தானான திருமேனி. அதாவது ஸ்ரீரங்கத்து உடையவர் சன்னதியில் அமர்ந்திருப்பது சிலையே இல்லை, அவருடைய உடல்தான் என்பது கோயில் மரபு. பச்சைக் கற்பூரமும் குங்குமப்பூவும் சாத்தி அதைக் காத்து வருகிறார்கள். தெருவில் ஒரு பிணம் கிடந்தால் நடை திறக்கத் தயங்கும் அதே மரபுதான் ஒன்பது நூற்றாண்டாக ஓர் ஆசாரியரின் உடலைக் கோயிலுக்குள்ளேயே வைத்துப் பூசிக்கிறது. இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. நேசித்தால் இந்த மரபால் ஓர் உடலை எப்படிக் காக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆசாரியரின் உடல் இருக்கிறது; பாணரின் உடல் இல்லை, நந்தனாரின் உடல் இல்லை.

மொழியிலேயே இந்தக் கணக்கு இருக்கிறது. சாமிக்கும் பெரியவர்களுக்கும் திருமேனி, திருவடி, திருமுகம். நமக்கு உடம்பு, கால், மூஞ்சி. செத்தால் கட்டை. ரிக் வேதத்துப் புருஷ சூக்தத்தில் வாய் பார்ப்பனன், தோள் அரசன், தொடை வைசியன், பாதம் சூத்திரன். அந்தப் பேருடலில் நமக்குப் பாதம்கூடக் கிடையாது, கவனியுங்கள். உடலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் நாம். சிற்ப நூல்களில் தெய்வத்துக்கு உத்தம தசதாளம், 124 அங்குலம். பூதங்களுக்கும் குள்ளர்களுக்கும் தாளம் குறைந்துகொண்டே போகும். நடராசரின் காலடியில் கிடக்கும் முயலகனை அளந்து பாருங்கள். யார் எவ்வளவு உயரமாக இருக்கலாம் என்பதற்கு அங்கே அளவுகோலே உண்டு.

வைணவம் இதோடு மல்லுக்கட்டியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சொல்லாவிட்டால் நாம் பொய் சொல்கிறோம். நான்காம் வருணத்தவர் என்று வைக்கப்பட்ட நம்மாழ்வாரை அவர்கள் முழு உடலாக, அவயவியாக வைத்தார்கள். மற்ற ஆழ்வார்கள் அவருக்கு அவயவங்கள். பெருமாளின் திருவடியாகச் சடாரியில் நம்மாழ்வாரைக் கண்டார்கள். அந்தச் சடாரி பார்ப்பனர் தலையிலும் வைக்கப்படுகிறது. புருஷ சூக்தத்தைத் தலைகீழாகப் புரட்டும் துணிச்சல் அதில் உண்டு. மேல்கோட்டையில் ஒடுக்கப்பட்ட மக்களைத் திருக்குலத்தார் என்று இராமானுசர் அழைத்து கோயிலுக்குள் விட்டார் என்கிறார்கள். எல்லாம் சரி. அங்கேயும் உள்ளே போவதற்கு நாள் குறித்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

பாணரின் அந்தப் பத்துப் பாசுரங்களை நம் தோழர்கள் சிலர் அடிமைப் பாட்டு என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 'அமலனாதிபிரான்' என்று தொடங்கும் அந்தப் பதிகம் செய்வது ஒரே ஒரு வேலை: பார்ப்பது. பாதத்தில் தொடங்கி, உடுத்த ஆடை, உந்தி, வயிற்றில் கட்டிய பட்டம், மார்பு, கழுத்து, வாய், கண் என்று மேலே ஏறி, முழு மேனியையும் பார்த்து, இதைக் கண்ட கண் இனி வேறெதையும் காணாது என்று முடிகிறது. யாரைப் பார்த்தாலே தீட்டு என்றார்களோ, அவன் நிதானமாக, அங்குலம் அங்குலமாகக் கடவுளின் உடம்பைப் பார்க்கிறான். மற்ற ஆழ்வார்கள் வழக்கமாகக் கடைசிப் பாட்டில் தங்கள் ஊரையும் பெயரையும் பொறிப்பார்கள், இவர் பொறிக்கவில்லை. தன் சாதியைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. கல்லெறி, தோள், கனவு எதுவும் பாட்டில் கிடையாது. அவையெல்லாம் பின்னால் குருபரம்பரை எழுதியவர்கள் கொடுத்தவை. பாணர் நமக்கு விட்டுப்போனது தன் கண்ணை. மற்றவர்கள் அவருக்குப் போட்டது தோள். பாட்டை வைத்துக்கொள்வோம், தோளைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்பதுதான் என் கட்சி.

தோளைத் திருப்பிக் கொடுக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம், அதே ஸ்ரீரங்கத்தில் நடந்ததாகச் சொல்லப்படும் வேறொரு கதை. அதை எந்தக் காலண்டரிலும் நான் பார்த்ததில்லை.

ஆளவந்தாரின் சீடர்களில் மாறனேரி நம்பி என்று ஒருவர். நம் குலம். ஆளவந்தாருக்கு முதுகில் ராஜபிளவை வந்தபோது, அந்த நோயைப் பிரசாதமாகக் கேட்டுத் தன் உடம்பில் வாங்கிக்கொண்டவர். ஆசாரியரின் நோய் தாழ்ந்த சாதி உடம்புக்கு மாறலாம், அதற்கு ஆகமத்தில் தடையில்லை போலிருக்கிறது. அவர் இறக்கும்போது தன் உடலைச் சொந்தக்காரர்களிடம் விடவேண்டாம் என்று பெரிய நம்பியிடம் கேட்டுக்கொண்டார். பெரிய நம்பி பார்ப்பனர், இராமானுசருக்கே ஆசாரியர். அவர் அந்த உடலைத் தொட்டார். பார்ப்பனருக்குச் செய்யும் பிரம்மமேத சம்ஸ்காரத்தைத் தன் கையால் செய்தார். ஸ்ரீரங்கத்துப் பார்ப்பனர்கள் அவரை ஒதுக்கிவைத்தார்கள். இராமானுசர் போய், இப்படிச் செய்யலாமா என்று கேட்டார். பெரிய நம்பி, இராமன் ஒரு பறவைக்குச் செய்யவில்லையா, தருமன் விதுரனுக்குச் செய்யவில்லையா, நான் இராமனைவிட உயர்ந்தவனா, இவர் அந்தப் பறவையைவிடத் தாழ்ந்தவரா என்று திருப்பிக் கேட்டாராம்.

இங்கே உடம்பு மறையவில்லை. தீயில் நுழைந்து பூணூலோடு வெளியே வரவில்லை. செத்த உடம்பாக, நோய்ப்பட்ட உடம்பாக, கனமாக அங்கேயே கிடந்தது. யாராவது அதைத் தொட்டே ஆகவேண்டும். தொட்டவர் அதற்கு விலை கொடுத்தார். லோகசாரங்கர் என்ன விலை கொடுத்தார்? ஒன்றுமில்லை, பெருமாளே உத்தரவு போட்டுவிட்டார், சுமந்ததற்குப் புகழும் கிடைத்தது. பெரிய நம்பிக்கு எந்தக் கனவும் வரவில்லை. இரண்டு கதையும் ஒரே ஊரின் ஒரே மரபில் இருக்கின்றன. காலண்டரில் எது வந்தது, எது வரவில்லை என்பதில் எல்லாம் அடங்கியிருக்கிறது.

இதை ஆயிரம் வருடத்துப் பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. 2016 ஜனவரியில் திருநாள்கொண்டச்சேரியில், ஒரு தலித் முதியவரின் உடலைப் பொதுப்பாதை வழியாகக் கொண்டுபோகலாம் என்று உயர் நீதிமன்றமே சொல்லியும், காவல்துறை அந்த உடலைத் தானே எடுத்து வேறு வழியில் கொண்டுபோய்ப் புதைத்தது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், சுடுகாட்டுக்குப் போகும் வழியை நிலக்காரர்கள் அடைத்துவிட்டதால், ஒரு தலித்தின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். அந்தக் காணொளியைப் பார்த்திருப்பீர்கள். பாடையில் கட்டிய உடம்பு காற்றில் தொங்கி ஆடியபடி இறங்குகிறது. அதுவும் தரையில் படாமல் கொண்டுபோகப்பட்ட உடம்புதான். அங்கே முனிவாகனம் கயிறு.

கோயிலை விட்டு மாதா கோயிலுக்குப் போனால் தப்பித்துக்கொள்ளலாமா? திருச்சிக்காரர்கள் மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். வார்த்தை மாம்சமானது என்று நம்புகிற மதம். அப்பத்தில் கடவுளின் உடலையே வாயில் வாங்கிக்கொள்கிற மதம். கடைசி நாளில் உடல்கள் உயிர்த்தெழும் என்று ஒவ்வொரு ஞாயிறும் சொல்கிற மதம். அந்தத் தோட்டத்தின் குறுக்கே ஒரு சுவர். ஒரு பக்கம் தலித் கிறித்தவர்களின் கல்லறைகள், மறுபக்கம் மற்றவர்களுடையவை. அதை அகற்றச் சொல்லி தலித் கிறித்தவர்களும் பெரியாரியத் தோழர்களும் போராடியிருக்கிறார்கள், கைதாகியிருக்கிறார்கள். உயிர்த்தெழும் நாளில் எந்தப் பக்கத்தவர் சுவரேறிக் குதிப்பார்கள் என்று ஆயரிடம் கேட்க எனக்கு ஆசை.

படங்களுக்கு வருகிறேன். நான் வேலை செய்யும் துப்புரவுப் பணியாளர் குடியிருப்பில் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் சாமி காலண்டர் தொங்குகிறது. கோவில்பட்டி கொண்டையராஜு உருவாக்கிய அந்தக் காலண்டர் பாணி சிவகாசியில் அச்சாகித் தமிழ்நாடு முழுக்கப் போனது: வழவழப்பான கன்னம், தாமரை நிறத்துப் பாதம், ஒரு நரம்புகூடத் தெரியாத கை. அந்தக் காலண்டருக்குக் கீழே உட்கார்ந்து, இரவு வேலை முடிந்து வந்த ஓர் அக்கா சேற்றுப்புண்ணுக்கு மருந்து தடவிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். சாக்கடையில் இறங்கி உயிர்விட்டால் 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உயர்த்தியது. அந்தக் காலுக்கு மழைக்காலத்தில் ஒரு நல்ல கம்பூட்ஸ் வாங்கித்தர இன்னும் மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். நம் உடம்பு படத்துக்குள் வருவதற்கு நாம்தான் வழி செய்யவேண்டியிருந்தது: திவ்யபாரதியின் 'கக்கூஸ்' 2017இல் வந்தது, பழனிக்குமாரின் புகைப்படங்கள் வந்தன. அவற்றில் இருக்கிற உடம்பு யாருடனும் கலந்து மறையவில்லை.

அம்பேத்கர் சிலையைப் பாருங்கள். கோட்டு, புத்தகம், நீட்டிய விரல் என்று எல்லோரும் பேசுகிறார்கள். நான் பார்ப்பது ஷூ. ஊர்த் தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தவர்களின் பேரப்பிள்ளைகள், தங்கள் தலைவரை ஷூ போட்டு, இரண்டு காலையும் தரையில் ஊன்றி, ஊர் முகப்பில் நிறுத்தினார்கள். அதனால்தான் அந்தச் சிலைக்குத் தமிழ்நாட்டில் கூண்டு. 2019இல் வேதாரண்யத்தில் பட்டப்பகலில் உடைத்தார்கள். ஸ்ரீரங்கத்தில் 2006 டிசம்பரில் பெரியார் சிலையை உடைத்ததும் இதே ஆத்திரம்தான். உடைக்க முடியாதபோது வேடம் மாற்றுவார்கள். 2022 டிசம்பர் 6 அன்று கும்பகோணத்தில், அம்பேத்கருக்குக் காவி உடுத்தி நெற்றியில் விபூதிப் பட்டை போட்டுச் சுவரொட்டி ஒட்டினார்கள். நந்தனாரைத் தீயில் இறக்கி நூல் மாட்டியதற்கும் இதற்கும் நடுவில் எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டு. மாறியது அச்சு இயந்திரம் மட்டும்.

தோளைத் திருப்பிக் கொடுங்கள் என்று நான் சொன்னதும் தம்பி 2018இல் ஹைதராபாத்தில் நடந்ததை எடுத்துக்காட்டினான். சில்குர் பாலாஜி கோயில் அர்ச்சகர் ஒருவர், ஒரு தலித் இளைஞரைத் தோளில் சுமந்து ஜியாகூடா ரங்கநாதர் கோயிலுக்குள் போனார். முனிவாகன சேவை என்று பெயரிட்டார். அந்த அர்ச்சகரின் மனதை நான் சந்தேகிக்கவில்லை, நல்ல மனிதராகவே இருக்கட்டும். ஆனால் அந்த இளைஞர் நடந்து வந்து, அந்த அர்ச்சகர் நின்ற இடத்தில் நின்று, பெருமாளுக்கு மாலை சாத்தியிருந்தால்? அதற்கு எந்தச் சேவைப் பெயரும் இல்லை. அதற்கு இருப்பது வழக்கு.

1972இல் சேஷம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழித்த தமிழகச் சட்டம் செல்லும் என்றது. அதே தீர்ப்பில், ஆகமப்படி தகுதியில்லாதவர் தொட்டால் திருவுருவம் தீட்டாகும் என்ற வாதத்தையும் எடுத்துக்கொண்டது. ஆகமக் கோயில்களில் அந்த ஒரு வாக்கியம் இன்றுவரை கருவறை வாசலில் நிற்கிறது. 2007இல் ஸ்ரீரங்கத்திலேயே அர்ச்சகர் பயிற்சிப் பள்ளி தொடங்கினார்கள். 2021 ஆகஸ்டில் அனைத்துச் சாதியினரும் அர்ச்சகர் என்று பணி ஆணை கொடுத்தார்கள். திருச்சிக்குப் பக்கத்தில் குமாரவயலூர் முருகன் கோயிலுக்கு நியமிக்கப்பட்ட இருவரின் நியமனத்தை 2023இல் மதுரைக் கிளை ரத்து செய்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஸ்ரீரங்கம் பள்ளியில் மூன்று பெண்கள் பயிற்சி முடித்தார்கள். நான் கடவுள் நம்பிக்கை உள்ளவள் இல்லை. கருவறைக்குள் போய் எனக்கு ஆகவேண்டிய காரியம் ஒன்றுமில்லை. ஆனால் ஒரு கை பட்டால் கல் தீட்டாகும் என்று ஒரு குடியரசின் நீதிமன்றத்தில் வாதிட முடிகிறவரை, அந்தக் கையின் மேல் கல் எறிந்தவர் லோகசாரங்கர் ஒருவர் மட்டும் ஆகமாட்டார்.

தம்பியிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். டிசம்பர் 6க்கு மாலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி வைக்கிறோம். இந்த முறை 'அம்பேத்கர் படம் வரைக' என்ற பழைய தலைப்போடு இரண்டு காட்சிகளையும் சேர்த்துக் கொடுக்கலாம். ஒன்று, மாறனேரி நம்பியின் உடலைப் பெரிய நம்பி தொட்டுத் தூக்கும் காட்சி. இன்னொன்று, காவிரிப் பாலத்தில் உறையூர்ப் பக்கத்திலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு யாழோடு நடந்துவரும் பாணர். காயம் அவர் நெற்றியிலேயே இருக்கட்டும். ஆறாம் வகுப்புக்குக் கீழே உள்ளவர்களுக்கு மெழுகு வண்ணம், மேலே உள்ளவர்களுக்கு நீர் வண்ணம். தாள் வாங்க இன்னும் ஆயிரம் ரூபாய் குறைகிறது, முடிந்தவர்கள் சொல்லுங்கள்.